விழுந்த கோபுரமும் நின்ற கம்பும்

சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் இருக்கும் இடம் சூரமங்கலம். 1860களின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை போட்டார்கள். அந்தப் பாதை சேலம் வழியாகத்தான் சென்றது. தண்டவாளத்தோடு கூடவே வந்தவை தந்திக் கம்பங்கள். வரிசையாக நட்ட கம்பங்கள், அவற்றின் மேல் கம்பி, கம்பியில் செய்தி. ஒரு கம்பம் சாய்ந்தால் போதும், செய்தி நின்றுவிடும்.

பிறகு கம்பி இல்லாமலே செய்தி அனுப்பலாம் என்று கண்டுபிடித்தார்கள். "கம்பியில்லாத் தந்தி" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். ஊருக்கு ஊர் போன கம்பி போய்விட்டதே தவிர, கம்பம் போகவில்லை! வானொலி அலையை அனுப்பவும் வாங்கவும் ஆன்டெனா என்ற ஒரு துண்டுக் கம்பி வேண்டும். அந்தத் துண்டை மேலே தூக்கிப் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டும். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் முடிந்துபோனது. ஆன்டெனாவைத் தூக்கிப் பிடிக்கும் பிரச்சினை மட்டும் இன்னும் முடியவில்லை.

ஹாம் ரேடியோ என்பது தேர்வு எழுதி, மத்திய அரசிடம் உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்களின் உலகம். லாபம் கிடையாது, சம்பளம் கிடையாது. அவர்களுடைய வரலாற்றை எழுதுபவர்கள் கருவிகளைப் பற்றியே அதிகம் எழுதுவார்கள். ஆன்டெனாவைத் தாங்கிய கம்பைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆனால் பேரிடர் வரும்போது கருவி இருந்தும் கம்பு இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இருபது கம்பங்களும் ஒரு பட்டமும்

1901. அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்ப வேண்டும் என்று மார்க்கோனி தீர்மானித்தார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள போல்டு என்ற இடத்தில் 20 கம்பங்களை வட்டமாக நட்டார்கள். ஒவ்வொன்றும் 200 அடி உயரம். அதாவது ஏறக்குறைய இருபது மாடிக் கட்டடத்தின் உயரம்! எவ்வளவு பணம், எவ்வளவு ஆள் பலம்! அந்த ஆண்டு செப்டம்பரில் அடித்த ஒரு புயலில் அத்தனையும் சரிந்து விழுந்தன. அமெரிக்கப் பக்கம் கேப் காட் என்ற இடத்தில் நட்டிருந்தவையும் நவம்பரில் விழுந்தன.

மார்க்கோனி மனம் தளரவில்லை. போல்டுவில் அவசரமாக எளிமையான ஓர் ஆன்டெனாவைக் கட்டச் சொன்னார். தான் கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார். அங்கே அவர் கொண்டுபோனது பலூனும் பட்டமும்! பலூன் காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. கடைசியில் ஒரு பட்டம் சுமார் 500 அடிக் கம்பியை வானத்தில் தூக்கிப் பிடித்தது. 1901 டிசம்பர் 12 அன்று, கடலுக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் காதுக்கருவியில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அவர் உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். அது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பிரமாண்டமான கம்பங்கள் விழுந்த இடத்தில், கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு பட்டம் வேலை செய்தது.

அடுத்த நூறு வருடங்களில் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

சென்னையிலும் தொடக்கம் ஆர்வலர்களே

இந்தியாவில் 1921இல் கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்து ஆர்வலர் வானொலியைத் தொடங்கினார். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 1924 முக்கியமான வருடம். அந்த ஆண்டு மே மாதம் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே, ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய வானொலி அது. பணமில்லாமல் 1927இல் நின்றுபோனது. பிறகு அந்தப் பணியை மதராஸ் மாநகராட்சி எடுத்துக்கொண்டு 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

இரண்டாம் உலகப்போர் 1939இல் தொடங்கியதும் ஆர்வலர்களின் வானலைக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். போருக்குப் பிறகுதான் மறுபடியும் உரிமம் கிடைத்தது. அதன் பிறகு பல வருடங்கள் இந்திய ஹாம்கள் ராணுவம் கழித்துப்போட்ட பழைய கருவிகளையும் வீட்டில் சால்டரிங் செய்து தயாரித்த கருவிகளையும் வைத்துத்தான் ஓட்டினார்கள். வெளிநாட்டுக் கருவிக்கே வழியில்லாதபோது, வெளிநாட்டு ஆன்டெனாக் கம்பத்துக்கு எங்கே போவது?

அதற்கு நம் ஊரிலேயே பதில் இருந்தது. மூங்கில், சவுக்குக் கம்பு, தென்னை மரம், மொட்டை மாடி, இரும்புக் குழாய். கல்யாணப் பந்தலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் நிற்கிற அதே கம்புதான். டிவி வந்த புதிதில் மொட்டை மாடிகளில் மீன்முள் போன்ற ஆன்டெனாக்களைத் தாங்கி நின்றதும் இரும்புக் குழாய்தான். மூங்கிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காய்ந்த மூங்கில் மின்சாரத்தைக் கடத்தாது, உள்ளே கூடாக இருப்பதால் எடையும் குறைவு. கம்பியை ஒட்டிக் கட்டினாலும் அலையைக் கெடுக்காது. இரும்புக் குழாயில் அந்த வசதி இல்லை.

ஆனால் மூங்கிலில் ஒரு பெரிய தொல்லை இருக்கிறது. இருபது அடி மூங்கிலை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியுமா? சூரமங்கலத்தில் ரயிலுக்குள் நுழைக்க முடியுமா? நிலையாக ஓரிடத்தில் இருப்பவனுக்கு மூங்கில் போதும். கிளம்பிப் போக வேண்டியவனுக்குப் போதாது.

தூண்டில் கொடுத்த விடை

இந்தத் தொல்லைக்கு விடை வந்தது வானொலிக்காரர்களிடமிருந்து அல்ல, மீன் பிடிப்பவர்களிடமிருந்து!

மேல்நாடுகளில் நல்ல தூண்டில் கம்பு என்றால் அது தெற்குச் சீனாவில் விளையும் டோன்கின் மூங்கிலில் செய்ததாக இருக்கும். 1940களில் அமெரிக்காவில் ஆர்தர் ஹோவால்டு என்பவர் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துத் தூண்டில் கம்பு செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். ஷேக்ஸ்பியர் என்ற தூண்டில் நிறுவனம் 1947இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (நாடகம் எழுதியவருக்கும் இந்த நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை!) 1950இல் கொரியப் போர் மூண்டதும் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குத் தடை போட்டது. டோன்கின் மூங்கில் வரத்து நின்றது. அந்த இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துக்கொண்டது.

அடுத்து, குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி செய்தார்கள். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலை இழுத்தால் நீளுமே, அதே தத்துவம். ஒவ்வொரு குழாயும் நுனியை நோக்கிச் சற்றுக் குறுகலாக இருக்கும். இழுத்துத் திருகினால் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். திருகாணி இல்லை, பூட்டு இல்லை.

ஹாம்கள் இதைப் பார்த்ததும் விடவில்லை. கண்ணாடி இழையும் மூங்கிலைப் போலவே மின்சாரத்தைக் கடத்தாது. மூங்கிலின் நல்ல குணம் அப்படியே இருக்கிறது, நீளத் தொல்லை மட்டும் இல்லை. பிறகு ஜெர்மனியில் ஆன்டெனாவுக்கென்றே தடிமனான கம்புகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். அவற்றில் ஒரு வகை விரித்தால் 12 மீட்டர், மடக்கினால் சுமார் 1.2 மீட்டர், எடை மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். நாற்பது அடி உயரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்!

2002 மார்ச்சில் இங்கிலாந்தில் ஒரு புது விளையாட்டு தொடங்கியது. மலை உச்சிக்கு ஏறி அங்கிருந்து பேச வேண்டும். கருவி, பேட்டரி, ஆன்டெனா, கம்பு எல்லாவற்றையும் தானே சுமந்து போக வேண்டும். வண்டியிலிருந்து பேசக் கூடாது, பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. இந்த விளையாட்டு பல நாடுகளுக்குப் பரவியது. மடக்குக் கம்பும் அதோடு பரவியது. பார்ப்பவர்களுக்கு இது வெட்டி வேலை போலத் தோன்றும். ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு நிலையத்தை எழுப்பி, பேசி, மடக்கி, இறங்கி வரும் பழக்கம் இதில்தான் வருகிறது. அந்தப் பழக்கத்தின் மதிப்பு வேறொரு நாளில்தான் தெரியும்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு கணக்கு

"முப்பது அடிக் கம்பு என்ன பெரிய உயரம்? செல்போன் கோபுரமே அதைவிடப் பல மடங்கு" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போதும்.

போலீஸ் வாக்கிடாக்கி போன்ற கருவிகள் பயன்படுத்தும் வி.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு எல்லைக்கு மேல் போகாது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் எல்லை கிடைக்கும். பத்து மீட்டர் கம்புக்கு 13 கி.மீ. அவ்வளவுதான். சூரமங்கலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலை, தென்மேற்கே கஞ்சமலை என்று சுற்றிலும் மலைகள் வேறு மறைக்கின்றன. சரி, ஏற்காட்டுக்கே ஏறிவிட்டால்? கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 160 கி.மீ. நாகப்பட்டினமோ 200 கி.மீ.க்கு மேல். அதாவது ஏற்காட்டின் உச்சியில் நின்றாலும் நாகப்பட்டினக் கடற்கரைக்கு நேரடியாகக் கேட்காது.

இப்போது 7 மெகாஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு வேண்டிய ஆன்டெனா சுமார் 20 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கம்பி. அதன் நடுப்புள்ளியைக் கம்பின் உச்சியில் கட்டி, இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டராகச் சரித்து இழுத்துக் கட்ட வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இருக்கும். பத்து மீட்டர் உயரத்தில் இப்படிக் கட்டினால் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போகும். வானத்தில் நூற்றுக்கணக்கான கி.மீ. உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஒரு அடுக்கு இருக்கிறது. பகல் நேரத்தில் பெரும்பாலும் அலை அதில் பட்டு, குடையின் மேல் விழுந்த மழை போல நாலா பக்கமும் கீழே இறங்கும். சுற்றிலும் முந்நூறு, நானூறு கி.மீ. வரை நனைந்துவிடும். நடுவில் மலை இருந்தாலும் கவலை இல்லை. சூரமங்கலத்திலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 280 கி.மீ., நாகப்பட்டினம் சுமார் 200 கி.மீ. இரண்டும் அந்தக் குடைக்குள் வந்துவிடும்!

கம்பி இதைவிட ரொம்ப உயரத்தில் இருந்தால் அலை சாய்வாகக் கிளம்பித் தூர தேசத்துக்குப் போகும். பக்கத்து மாவட்டத்துக்கு உதவி கேட்பவனுக்கு அது தேவையில்லை. ஆக, முப்பது அடி என்பது ஏழையின் சமாதானம் அல்ல. மாநிலத்துக்குள் பேச அதுதான் பொருத்தமான உயரம்.

2004 டிசம்பர் 26

அந்தமானில் ஹாம்கள் பேச அனுமதி கிடைப்பது அப்போது மிகவும் அபூர்வம். பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2004 டிசம்பரில் ஒரு குழுவுக்கு அனுமதி கிடைத்தது. தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத். ஐதராபாத்தில் 1983இல் தொடங்கிய தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்தவர். போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் கருவிகளை வைத்து, ஆன்டெனாக்களை எழுப்பி, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியில் பேச ஆரம்பித்தார்கள். அந்தமானிலிருந்து ஒரு குரல் கேட்காதா என்று காத்திருந்த உலக ஹாம்கள் வரிசையில் நின்று பேசினார்கள். முழுக்க முழுக்க ஒரு பொழுதுபோக்கு.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.29. சுமத்ரா அருகே கடலுக்கடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் வந்தது. தீவுகளில் மின்சாரம் போனது, தொலைபேசி போனது. கார் நிகோபாரில் விமானப்படைத் தளமே சிதைந்தது. தாய்நாட்டில் இருந்த உறவினர்களுக்குத் தங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

விளையாட்டுக்காக எழுப்பிய அந்த நிலையம் அன்றே அவசர நிலையமாக மாறியது. பெயர், ஊர், நலம் என்ற சின்னச் சின்னச் செய்திகள் தீவிலிருந்து போயின. "இன்னார் எங்கே" என்ற கேள்விகள் வந்தன. பிறகு ஆர்வலர்கள் கார் நிகோபாருக்கும் போய் அங்கிருந்தும் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அங்கே அவர்களுக்காக யாரும் கோபுரம் கட்டி வைத்திருக்கவில்லை. கையில் கொண்டுபோனதை வைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அரசு அந்த அனுமதியை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால்? அந்தக் கம்பிகள் அன்று காலை அங்கே நின்றிருக்காது. ஒரு பொழுதுபோக்குக்குக் கொடுத்த அனுமதி எத்தனையோ வீடுகளுக்கு "உயிரோடு இருக்கிறான்" என்ற ஒற்றை வரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இது ஒரு தடவை நடந்த அதிசயம் அல்ல. 1993 லத்தூர் பூகம்பம், 1999 ஒடிசா சூப்பர் புயல், 2001 குஜராத் பூகம்பம் என்று ஒவ்வொன்றிலும் ஹாம்கள் போய் நின்றார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் செல்போன்கள் ஊமையானதைப் பார்த்தவர்கள் பலர். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மின்சாரம் இல்லாவிட்டால் செல்போன் கோபுரமும் பேட்டரி தீரும் வரைதான். போல்டுவில் 1901இல் விழுந்த இருபது கம்பங்களின் கதைதான் இது!

கம்பு செய்யாத வேலைகள்

மடக்குக் கம்பைப் பற்றிப் புகழ்ந்து மட்டும் பேசுவது நியாயம் இல்லை. அதன் நுனி விரல் தடிமன்கூட இருக்காது. கனமான ஆன்டெனாவைத் தாங்காது, மெல்லிய கம்பியைத்தான் தாங்கும். பலத்த காற்றில் குழாய்கள் நழுவி ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும். அதனால் இணைப்புகளில் டேப் சுற்றுவார்கள், மூன்று பக்கம் கயிறு இழுத்துக் கட்டுவார்கள். கடையில் கிடைக்கும் கார்பன் தூண்டில் கம்பை வாங்கினால் ஏமாற்றம்தான். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ஆன்டெனாவின் வேலையையும் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மின்கம்பி. நம் ஊரில் தெருவுக்குத் தெரு தலைக்கு மேலே மின்கம்பி ஓடுகிறது. கம்பு கடத்தாது என்ற தைரியத்தில் பக்கத்தில் போகக் கூடாது. அதில் கட்டியிருக்கும் கம்பி கடத்தும், மழையில் நனைந்த கம்பும் ஆபத்துதான். கம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் நட வேண்டும். இடி மின்னல் வந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். உதவப் போனவனே உதவி தேவைப்படுபவனாக ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று. கம்பை வாங்கி அலமாரி மேல் போட்டுவிட்டால் பேரிடர் நாளில் அது தானாக எழுந்து நிற்காது. எந்த மைதானத்தில் நடுவது, கயிற்றை எங்கே கட்டுவது, யாருடன் எந்த அலைவரிசையில் பேசுவது என்பதெல்லாம் நல்ல நாளில் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இருப்பவனுக்கு ஜெர்மன் கம்பும் ஒன்றுதான், பந்தல்காரரிடம் வாங்கிய சவுக்குக் கம்பும் ஒன்றுதான். பழக்கம் இல்லாதவனுக்கு எதுவும் பயன்படாது.

நூற்று அறுபது வருடங்களுக்கு முன் சூரமங்கலத்துக்கு வந்த செய்தி, நட்டு வைத்த கம்பங்களை நம்பி வந்தது. இன்று வரும் செய்தி கோபுரங்களை நம்பி வருகிறது. இரண்டும் ஒருநாள் சாயலாம். அன்றைக்கு ஒரு மைதானத்தின் நடுவில் முப்பது அடிக் கம்பு ஒன்று எழுந்து நிற்குமா என்பது, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது அதை விளையாட்டாக எழுப்பிப் பார்த்தார்களா என்பதைப் பொறுத்தது.